பென்சில்காரரோடு ஒரு வழக்கு

வேலை முடிந்து ஊர் திரும்பும் எகிப்திய இன்ஜினியர்
கட்டில், குக்கர், ஏசி எல்லாம் விற்றபின்
யாரும் கேட்காத அட்டைப்பெட்டி ஒன்றைப்
பத்து ரியாலுக்கு என் தலையில் கட்டினார்.
நாற்பத்தொரு புத்தகம். எல்லாம் ஆங்கிலம்.
அட்டையில் ராக்கெட், அல்லது வாள்,
சிலவற்றில் இரண்டும்.

ஜுபைலில், கடலைக் குடிநீராக்கும் ஆலையில்
எனக்கு இரவு ஷிப்ட்.
அழுத்தமானியின் முள் அசையாத மணிகளில்
ஒன்றரை வருடமாய்ப் படித்தேன்.
இனி என் தீர்ப்பு.

முதல் பக்கத்தில் வரைபடம் போட்டவர்களை நம்புகிறேன்.
இல்லாத ஓடைக்கும் பெயர் வைக்கச் சோம்பாதவர்
கதையில் ஏமாற்றமாட்டார்.
பாட்டு வந்தால் மட்டும் தாண்டிவிடுவேன்.
குதிரையில் போகிறவன் ஏன்
பதினான்கு கண்ணி பாடவேண்டும்?

டிராகன் சலிப்பு.
தங்கத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் ஜந்துவை
தம்மாம் நகைக்கடைத் தெருவில்
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பார்த்திருக்கிறேன்.
நெருப்புக் கக்காது.
செய்கூலி சொல்லும்.

மாடு மேய்க்கிறவன் எல்லாம் தொலைந்துபோன ராஜா.
ஒருத்தன், ஒரே ஒருத்தன்,
கடைசிவரை மாடு மேய்த்தால் என்ன குறைந்துவிடும்?
பனிமலை தாண்டி நடக்கும் பத்தாயிரம் பேருக்கு
யார் சோறு வடித்தது என்று
ஒரு புத்தகத்திலும் இல்லை.
மெஸ்ஸில் இதைச் சொன்னபோது வரிசையே சிரித்தது.
கரண்டியோடு நின்ற மைதீன் பிச்சை சிரிக்கவில்லை.
"ஒரு வேளைக்கு நாற்பது மூட்டை,
நாற்பது கிலோ மூட்டை" என்றார்,
"விறகு தனி."

தனக்கு ஆன்மா உண்டா என்று
இயந்திர மனிதன் அழும் இடங்களில்
கொட்டாவி வருகிறது, மன்னிக்கவும்.
எங்கள் மூன்றாம் பம்ப் அழுதால் வாஷர் மாற்றுவோம்.

காலயந்திரம் பிடிக்கும்.
ஏறுகிறவர்களைத்தான் பிடிக்கவில்லை.
போருக்குப் போகிறார்கள், உலகம் முடிவதைப் பார்க்கப் போகிறார்கள்.
எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போதும்,
காலை பதினொன்றரை, நாகர்கோவில்,
பிரசவ வார்டின் வெளிப் பெஞ்சு.
அன்று நான் இங்கே
வால்வு திருகிக்கொண்டிருந்தேன்.

முப்பத்தேழாவது புத்தகம்,
முழுக்க மணலாலான ஒரு கிரகம்.
கப்பல் இறங்குகிறது. கேப்டன் எட்டிப் பார்க்கிறான்.
'பாலைவனம் காலியாக இருந்தது.'
அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலில்,
மலையாளத்தில், ஒரே ஒரு சொல்.

எகிப்தியருக்கு ஏது மலையாளம்?
அவரும் யாரோ ஊர் போனபோது வாங்கியிருப்பார்.
பக்காலா சுகதனிடம் கொண்டுபோனேன்.
தயிர் டப்பா அடுக்கியபடியே படித்தார்:
"கள்ளம்."
பொய் என்று அர்த்தமாம்.
எனக்கு அர்த்தம் தேவைப்படவில்லை.
கண்ணாடிக்கு வெளியே
வெயிலில் தார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள் முப்பது பேர்.

அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி புரட்டினேன்.
அழுக்கு என்று நினைத்ததெல்லாம் எழுத்து.
வரைபடத்தில் ஒரு பாலத்தை அடித்துவிட்டு
சரியான இடத்தில் போட்டிருக்கிறார்.
பாட்டுகளுக்குத் தாளக் கோடு போட்டிருக்கிறார், பதினான்கு கண்ணிக்கும்.
இதில் நமக்கு ஒத்துப்போகாது ஐயா,
தமிழில் கீழே எழுதிவைத்திருக்கிறேன்.

டிராகன் சாகும் பக்கத்திலும் ஒரு சொல்.
சுகதன் சொன்னார்: "பாவம்."
எது பாவம்? நாலு ஊரை எரித்த ஜந்து.
வீம்புக்குத் திரும்பப் படித்தேன்.
அவர்கள் குத்தியது
அது தூங்கும்போது.
முதல் வாசிப்பில் நான் இதைக் கவனிக்கவே இல்லை.

காலை ஏழு மணி. ஷிப்ட் முடிந்தது.
ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டிய அறையில்
போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு,
தாழ்ப்பாள் போட்டோமா என்று
எழுந்து ஒருமுறை பார்த்தேன்.

டிராகனைப் பற்றி மேலே சொன்னதில்
பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.
செய்கூலி விஷயம் மட்டும்
அப்படியே இருக்கட்டும்.